எரிமலைக் கல்லும் திராட்சைக் கொடியும்



"ஹாஸ்டல் மெஸ், ஸ்டிரைக், எக்ஸ்கர்ஷன் எல்லாம் போன மலர்லயே நிறைய வந்தாச்சு சார். நீங்க உங்க சப்ஜெக்ட்ல ஏதாவது சரித்திரம் எழுதிக் குடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். என் சப்ஜெக்ட் கல். நிலவியல் படித்துவிட்டு முப்பது வருஷம் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் இடம் பார்த்தவன். இப்போது பொழிச்சலூரில் ஓய்வாக இருக்கிறேன். வெறும் கல்லைப் பற்றி எழுதினால் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள் என்று தெரியும். ஆகவே கல்லோடு திராட்சையையும், திராட்சையோடு ஒயினையும் சேர்த்துக்கொண்டேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் 'ஒயின் ஷாப்'பில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் என்று ஒரு காலத்தில் கிண்டல் செய்வோமே, அந்த அளவுக்குத்தான் எனக்கும் அதற்கும் பழக்கம்.

பொழிச்சலூர் என்றால் சிலருக்கு அகஸ்தீஸ்வரர் கோயிலும் சனிக்கிழமைக் கூட்டமும் ஞாபகம் வரும். மற்றவர்களுக்குத் தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானம். என்னைப் போன்றவனுக்கு இது பல்லாவரம் கல்லின் ஊர். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு சரளைக் குழியிலிருந்து பழைய கற்காலக் கருவியைப் பொறுக்கி எடுத்தது பக்கத்துப் பல்லாவரத்தில்தான். பரங்கிமலை, பல்லாவரம் மலைகளின் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரருடைய கல்லறைக்கு இந்தக் கல் போனதால், அவர் பெயரையே கல்லுக்கு வைத்தவர் தாமஸ் ஹாலந்து. சுமார் 250 கோடி வருஷத்துக் கல். பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் வெந்து இறுகியது. நம் துறையில் படித்தவர்கள் எல்லாரும் முதல் வருஷம் சுத்தியலால் தட்டிப் பார்த்தது இதைத்தான். கை வலித்தது ஞாபகம் இருக்கும்.

நான் வேலை பார்த்த தக்காணத்துக் கல் இதற்கு நேர் எதிர். அது ஆழத்தில் வெந்தது அல்ல, மேலே வந்து ஊற்றி ஆறியது. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. இன்றைக்கும் சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அந்த பசால்ட் கல்தான். மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்தில் கனம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். தூரத்திலிருந்து பார்த்தால் மலை படிப்படியாகத் தெரியும். ஸ்வீடிஷ் மொழியில் படிக்குச் சொல்லும் வார்த்தையிலிருந்துதான் 'டெக்கான் டிராப்' என்ற பெயரே வந்தது. அந்தப் படிகளின் மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நாசிக். இந்தியாவின் ஒயினில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது.

உயரமான எரிமலை நிலத்தில் திராட்சை ஏன் நன்றாக வருகிறது என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "அந்தக் கல்லோட சத்து பழத்துல இறங்குது சார்." ஒயின் விளம்பரங்களும் அப்படித்தான் பேசும், நெருப்புக் கல்லின் வாசனை, கனிமத்தின் ருசி என்று. கல்லோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இதில் சம்மதம் இல்லை. கல் திராட்சைக்குச் செய்யும் உதவி பெரியதுதான், ஆனால் அது வேறு வகை. அதைச் சரித்திரத்தின் வழியாகவே பார்க்கலாம். நமக்கும் அந்தச் சரித்திரத்தில் பங்கு இருக்கிறது.

முதலில் உயரத்தின் கணக்கை முடித்துவிடுவோம். எங்கள் தெருவில் ஒருவர் மொட்டை மாடியில் பந்தல் போட்டுத் திராட்சைக் கொடி வளர்த்தார். கொடி நன்றாகவே படர்ந்தது, குலையும் விட்டது. ஆனால் ஒரு குலையிலேயே பாதிப் பழம் பச்சை, பாதி கறுப்பு. கறுத்ததும் சப்பென்று இருந்தது. "உரம் எல்லாம் போட்டேனே சார்" என்றார் பாவம். உரத்தில் குறை இல்லை, ராத்திரியில்தான் குறை. திராட்சைப் பழம் பகலில் வெயிலை வாங்கிச் சர்க்கரை சேர்க்கிறது. ராத்திரியும் சூடாக இருந்தால் பழம் தன்னிடம் உள்ள மாலிக் அமிலத்தை எரித்துத் தீர்த்துவிடும். புளிப்பு போய்விட்டால் இனிப்புக்கும் எடுப்பு கிடையாது. தோலில் சாயம் ஏறுவதும் குளிர்ந்த ராத்திரியில்தான் ஒழுங்காக நடக்கும். சென்னையில் ஜனவரி மாத ராத்திரியே இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நாசிக்கில் அதே மாதம் பத்து டிகிரிக்குப் போகும், சில நாள் அதற்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். அந்தக் கதிரைத் தாங்கப் பழம் தன் தோலைக் கெட்டியாக்கிக்கொள்கிறது. உயரம் செய்யும் வேலை இவ்வளவுதான். கல் எதுவாக இருந்தாலும் உயரம் இந்த வேலையைச் செய்யும்.

இனி எரிமலைக்கு வருவோம்.

எரிமலை மண்ணுக்கும் திராட்சைக்கும் முடிச்சுப் போட்டவர்களில் பழைய ஆள் ஸ்டிராபோ என்ற கிரேக்க பூகோள ஆசிரியர். எகிப்தின் மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து வருஷத்துக்கு 120 கப்பல் இந்தியாவுக்குப் போகிறது என்று எழுதினாரே, அதே மனிதர்தான். இத்தாலியில் வெசுவியஸ் மலையைப் பார்த்துவிட்டு, உச்சி சாம்பல் போல இருக்கிறது, பாறையெல்லாம் தீயில் கருகியது போல இருக்கிறது, ஒரு காலத்தில் இங்கே நெருப்பு எரிந்திருக்க வேண்டும், சுற்றியுள்ள நிலத்தின் செழிப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார். சிசிலியில் எட்னா மலையின் சாம்பல் விழுந்த கத்தானா நிலம் திராட்சைக்கு உகந்ததாக இருப்பதை உதாரணம் காட்டினார். அவர் காலத்தில் வெசுவியஸ் தூங்கிக்கொண்டிருந்தது, சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. அதற்கும் முன்னால், கி.மு. 73-ல், ஸ்பார்ட்டகஸின் அடிமைப் படை அந்த மலை உச்சியில் முற்றுகையில் மாட்டிக்கொண்டபோது, காட்டுத் திராட்சைக் கொடிகளை ஏணியாகப் பின்னி இறங்கித் தப்பியது என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். கி.பி. 79-ல் மலை விழித்துக்கொண்டு பாம்பேயை மூடிய கதை உங்களுக்குத் தெரியும்.

அந்த மலையின் ஒயின் நம் கரைக்கு வந்திருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ஆம்போரா என்ற இரண்டு கைப்பிடி ஜாடிகளின் உடைசல்கள் நிறையக் கிடைத்தன. பிற்பாடு எலிசபெத் லைடிங் வில் என்ற ஆம்போரா நிபுணர் அவற்றை ஆராய்ந்தார். அதிகம் இருந்தவை கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை. இத்தாலியின் கம்பானியா ஜாடிகளும் இருந்தன. எல்லா ஜாடியிலும் ஒயின் வரவில்லை. எண்ணெயும், மீனை ஊறவைத்த ஒரு வகைக் குழம்பும் வந்ததுண்டு.

இதில் கல் பார்ப்பவனுக்குச் சந்தோஷம் தரும் விஷயம் ஒன்று. கம்பானியா ஜாடி எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? களிமண்ணில் கலந்திருக்கும் கறுப்பு மணலை வைத்து. வெசுவியஸ் கக்கிய ஆகைட் என்ற கனிமத்தின் துகள் அது. நம்ம செங்காட்டு மண்ணில் புதைந்து கிடந்த ஓட்டை உருப்பெருக்கியில் வைத்தால் இத்தாலியின் எரிமலை தெரிகிறது! ஜாடியின் சுவரில் கல் நிஜமாகவே இருந்தது. உள்ளே இருந்த ஒயினில் கல் இருந்ததா என்பது வேறு கேள்வி.

இதே ஒயினைப் பற்றி நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஊற்றி மகளிர் தர உண்டு மகிழ்ந்திருக்கச் சொல்கிறார். தமிழ் வாத்தியார் இந்தப் பாட்டை நடத்தியிருந்தால் கடைசி பெஞ்சும் கவனித்திருக்கும். பெரிப்ளஸ் என்ற கடல் வழிக் குறிப்பில், முசிறிக்குக் கொஞ்சம் ஒயின் போகும், பரூச் துறைமுகத்தில் இத்தாலி ஒயினுக்குத்தான் முதல் மரியாதை என்று இருக்கிறது. அந்த இத்தாலி ஒயின்களில் பெயர்பெற்றது ஃபலேர்னியன். அந்த மலையில் உச்சியில் விளைந்ததற்கு ஒரு பெயர், நடுச்சரிவில் விளைந்ததற்கு ஒரு பெயர், அடிவாரத்தில் விளைந்ததற்கு ஒரு பெயர் என்று சிலர் பிரித்துச் சொன்னதாக பிளினி எழுதியிருக்கிறார். உயரம் மாறினால் ஒயின் மாறும் என்பது அப்போதே வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கிருந்து ஒரு தாவலில் கம்பெனிக் காலத்துக்கு வருகிறேன். செயிண்ட் ஜார்ஜ் கோட்டையிலும், பின்னால் பல்லாவரம் கன்டோன்மென்டிலும் துரைமார்களின் மேஜையில் இருந்த ஒயின் பெரும்பாலும் மதேரா. அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு அது. சிகரம் 1,862 மீட்டர். இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் வழியில் அங்கே நின்று, நானூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் 'பைப்' என்ற பீப்பாய்களில் ஒயினை ஏற்றிக்கொள்ளும். மற்ற ஒயின்கள் பூமத்திய ரேகையைத் தாண்டும் சூட்டில் கெட்டுப்போகும். மதேரா மட்டும் அந்தச் சூட்டில் இன்னும் நன்றாக ஆகியது. இந்தியாவுக்குப் போய்த் திரும்பி வந்த பீப்பாய்க்குத் தனி விலையே கொடுத்தார்கள். அப்புறம் கப்பலில் ஏற்றாமலேயே தீவிலேயே சூடான அறையில் வைத்து அந்தப் பக்குவத்தைக் கொண்டுவரும் முறையும் வந்தது. நம்ம மெட்ராஸ் வெயில் ஒரு ஒயினின் செய்முறையில் சேர்ந்துகொண்டது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

சூட்டில் அது ஏன் கெடவில்லை? சாராயம் கலந்து பலப்படுத்துவார்கள், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் புளிப்பு. அந்தத் தீவில் விளையும் திராட்சை புளிப்புத் தூக்கலானது. அங்கேயும் உயரம்தான் விளையாடுகிறது. மேலே குளிர்ந்த மேட்டில் வளர்க்கும் செர்சியல் என்ற ரகத்திலிருந்து இனிப்புக் குறைந்த, பல் கூசும் ஒயின் வரும். கீழே கடலோரச் சூட்டில் வளரும் மால்வாசியாவிலிருந்து தித்திப்பான ஒயின் வரும். ரகமும் வேறு என்பதை மறக்கக்கூடாது. ஆனால் எந்த ரகத்தை எந்த உயரத்தில் வைப்பது என்று அந்த விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தச் சரிவுதான். அடியில் கிடப்பது எல்லா இடத்திலும் எரிமலைக் கல்லே. செங்குத்தான சரிவைப் படிப்படியாக வெட்டி, மழை அதிகமுள்ள வடக்குப் பக்கத்திலிருந்து தெற்குக்கு லெவாதா என்ற வாய்க்கால்களில் தண்ணீர் கொண்டுவந்து பயிர் செய்தார்கள். தண்ணீர் என்ற சொல்லை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எரிமலை மண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு என்று ஒயின்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். ஃபைலோக்ஸெரா என்ற பூச்சி அதில் வாழாது என்பார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து வேரைத் தின்னும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பேன் அது. பிரான்சில் அதன் சேதம் முதலில் கண்ணில் பட்டது 1863-ல். ஃபுட் பல்லாவரத்தில் கல் பொறுக்கிய அதே வருஷம். அடுத்த முப்பது நாற்பது வருஷத்தில் ஐரோப்பாவின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் அழிந்தன. தப்பிய சில இடங்களில் கிரேக்கத்தின் சாண்டோரினி தீவும் ஒன்று. அங்கே மண் என்பதே எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும்தான், களிமண் கிட்டத்தட்ட இல்லை. உதிரியான மணலில் அந்தப் பூச்சியால் வழி செய்துகொண்டு நகர முடியாது. அதே எரிமலை வம்சத்து மதேராவை அந்தப் பூச்சி 1872-ல் பிடித்து உலுக்கியது. ஏனென்றால் அங்கே பழைய பசால்ட் சிதைந்து களிமண்ணாகிவிட்டது. ஆகவே 'எரிமலை மண்' என்று ஒரே பெயரில் அழைப்பதே சரியில்லை. சாம்பல் வேறு, குழம்பு வேறு. ஆயிரம் வருஷத்துச் சாம்பல் வேறு, கோடி வருஷம் மழையில் நனைந்த பாறை வேறு.

இந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தது நாசிக் மாவட்டத்தில், திண்டோரி பக்கம். 1980களில் நிலத்தடி நீர் வேலைக்காக அங்கே போயிருந்தேன். தக்காணத்தில் திராட்சை புதிதல்ல. துக்ளக் 1327-ல் தலைநகரை மாற்றினானே, அந்த தௌலதாபாத், ஒற்றையாக நிற்கும் எரிமலைக் கல் குன்று. அங்கே திராட்சையும் மாதுளையும் வருஷத்துக்கு இரண்டு தடவை காய்க்கும் என்று இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கும் நாசிக்கில் வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒரு தடவை வெட்டிக் கிளையைத் தயார் செய்வார்கள். மழை முடிந்ததும் செப்டம்பர், அக்டோபரில் மறுபடி வெட்டிப் பழத்துக்கு விடுவார்கள். ஒரே பழம்தான் எடுப்பார்கள். அப்படிச் செய்தால் பழுக்கும் நாள் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், பகல் வெயிலும் ராத்திரிக் குளிருமாக இருக்கும் காலத்தில் வந்து விழும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தூங்கும். இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது, கத்தரிக்கோல்தான் அதற்குப் பஞ்சாங்கம்.

திண்டோரியில் நான் கிணற்றுக்கு இடம் பார்த்துக் கொடுத்த விவசாயிக்கு ஒரே சரிவில் இரண்டு துண்டு நிலம். கீழே கரிசல். பசால்ட் கல் சிதைந்து, மழையில் அரித்து வந்து, பள்ளத்தில் ஆள் உயரத்துக்குத் தேங்கிய மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிக்கும்போது வேரையும் சேர்த்து அறுக்கும். மேலே 'முரூம்', நம்ம ஊர் முரம்பு நிலம் மாதிரி. அரை அடி மண், அதற்குக் கீழே பொடிப்பொடியாக உதிரும் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கொப்புளம் கொப்புளமான கல். குழம்பு ஆறும்போது உள்ளே மாட்டிய ஆவி விட்டுப்போன துவாரங்கள் அவை. பல துவாரங்களில் வெள்ளை வெளேரென்று ஜியோலைட் படிகம் பூத்திருக்கும். அழகுக்காக அதைப் பொறுக்கி வந்து இன்றும் ஷோகேஸில் வைத்திருக்கிறேன்.

"கீழே இலைக்குப் பஞ்சமே இல்லை சாஹேப். மேலே கொடி நோஞ்சான், பழமும் சின்னது. ஆனா முதல்ல இனிக்கிறது அதுதான்" என்றார் அவர். காரணம் தண்ணீர். கரிசலில் மழை நீர் மாதக்கணக்கில் நிற்கும். கொடிக்குக் கவலை இல்லை, இலையாகத் தள்ளிக்கொண்டே போகும். நிழலில் பழம் தாமதமாகப் பழுக்கும். முரூமில் தண்ணீர் இறங்கி ஓடிவிடும். வேர் பாறையின் வெடிப்புக்குள் தேடிக்கொண்டு போகும், கிடைப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தாகத்தில் கொடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு பழத்தைக் கவனிக்கிறது. பழம் சின்னதாக இருந்தால் சாற்றுக்குத் தோல் அதிகம். ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. ஒரே கல், ஒரே உயரம், ஒரே வெயில். ஆனால் இரண்டு பழம். அன்றைக்குச் சந்தையில் தின்பதற்கான தாம்சன் விதையில்லாத் திராட்சைக்குத்தான் விலை, அதுவும் பெரிய பழத்துக்கு. ஆகவே அவருக்கு மேல் நிலம் சுமையாகவே இருந்தது.

கல்லின் சத்து பழத்தில் இறங்குகிறது என்பவர்களுக்கு அந்தக் கீழ் நிலத்தைக் காட்டியிருப்பேன். பசால்ட் கல்லில் இரும்பு ஆக்சைடு பத்து சதவீதத்துக்கு மேல். அப்படிப்பட்ட கல்லின் மண்ணில் நின்ற கொடிகளின் இலை இரும்புச் சத்து இல்லாமல் மஞ்சளாக வெளுத்திருந்தது! கரிசலில் சுண்ணாம்பு அதிகம், மண் காரத்தன்மை உடையது, இரும்பு கரையாமல் பூட்டிக்கொண்டுவிடும். மலை மலையாக இரும்பு காலடியில் கிடந்தும் கொடிக்கு ரத்தசோகை. வேர் எடுப்பது தண்ணீரில் கரைந்ததை மட்டும்தான். கல் கரைவதில்லை. வேல்ஸ் நாட்டு நிலவியல் பேராசிரியர் அலெக்ஸ் மால்ட்மன் 2018-ல் திராட்சைத் தோட்டமும் பாறையும் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பாறையின் கனிமத்தை ஒயினில் நாக்கால் ருசிக்கிறோம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர் முடிவு. போதாக்குறைக்கு, நாசிக் கொடிகளில் இப்போது நிறைய தன் சொந்த வேரிலேயே நிற்பதில்லை. வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்காக 'டாக்ரிட்ஜ்' என்ற அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுகிறார்கள். வேர் அமெரிக்கா, கிளை பிரான்ஸ், கல் தக்காணம், கத்தரிக்கோல் மராத்தி. இதில் ருசி யாருடையது என்று பட்டிமன்றமே வைக்கலாம்.

உயரம் மட்டும் இருந்து எரிமலை இல்லாவிட்டால்? அதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில், சுமார் 900 மீட்டர் உயரத்தில், 1988-ல் கன்வல் குரோவர் தொடங்கிய தோட்டத்தில் நல்ல ஒயின் வந்தது. அங்கே அடியில் கிடப்பது நம்ம ஊர்க் கல்லுக்குச் சொந்தக்காரனான கிரானைட், நைஸ் வகைதான். எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலோ உயரம் சுமார் 400 மீட்டர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையை பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். சுருளிப்பட்டிப் பக்கம் வருஷத்தில் எந்த மாதம் போனாலும் யாராவது ஒருவர் தோட்டத்தில் அறுவடை நடக்கும். குளிர்காலம் என்று ஒன்று குறுக்கே வராததுதான் அதற்குக் காரணம். தின்பதற்கு அருமையான பழம். ஆனால் ஒயினுக்கு வேண்டிய குளிர்ந்த ராத்திரி அங்கே கிடையாது. ஒரு தோட்டக்காரர் என்னிடம், "நாசிக் கல்ல நாலு லோடு கொண்டாந்து கொட்டுனா ஆகுமா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "கல்லை லாரியில கொண்டு வரலாம் ஐயா, ராத்திரியை எதுல ஏத்தறது?" என்றேன்.

திண்டோரி விவசாயியின் மேல் நிலத்துக்கும் ஒரு காலம் வந்தது. 1999-ல் ராஜீவ் சாமந்த் நாசிக்கில் சுலாவைத் தொடங்கினார். 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச் சலுகை கொடுத்தது. வரிசையாக ஒயின் ஆலைகள் வந்தன. சின்னப் பழம், கெட்டித் தோல், புளிப்பு என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த நோஞ்சான் நிலம் தங்கமாகத் தெரிந்தது. அவரும் 2004-ல் மேல் துண்டு முழுக்க ஒயின் ரகம் வைத்தார். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல், அதே சமயத்தில் உலகப் பொருளாதார மந்தம். ஹோட்டல்கள் காலி, ஒயின் தேங்கியது. பல ஆலைகள் பழம் வாங்குவதை நிறுத்தின. ஒப்பந்தம் போட்ட ஆலை அவருடைய பழத்தையும் எடுக்கவில்லை. ஒயின் திராட்சையைத் தள்ளுவண்டியில் வைத்து விற்க முடியாது. சின்னது, கொட்டை வேறு. கொடியைத் தலையில் வெட்டி, மேலே மறுபடி தாம்சன் ஒட்டுக்கட்டினார்கள் அந்தப் பக்கத்தில் நிறையப் பேர். இவர் பாதியை மாற்றினார், பாதியைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டார்.

2016 கோடையில் அவருடைய மகன் எனக்கு போன் செய்தான். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தோட்டம் இப்போது அவன் கையில். "காகா, போர் இருநூறு அடியில் நின்றுவிட்டது. ரிக்காரன் ஐநூறு வரை போகலாம் என்கிறான். போகட்டுமா?" என்று இந்தியில் கேட்டான். நான் அந்தக் கல்லை அறிவேன். தக்காணத்தில் தண்ணீர் இருப்பது மேலே சிதைந்த பாறையிலும், ஒவ்வொரு அடுக்கின் தலையில் இருக்கும் கொப்புளக் கல்லிலும், வெடிப்புகளிலும்தான். நடுவில் இருக்கும் கெட்டிப் பாறையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடுத்த அடுக்கின் கொப்புளத்திலும் ஜியோலைட் அடைத்துக்கொண்டிருந்தால் அதுவும் சும்மா. நான் ஷோகேஸில் வைத்து ரசிக்கும் அதே படிகம் அவனுக்குத் தண்ணீரை மறிக்கும் அடைப்பு. எந்தக் கல் கொடிக்குத் தண்ணீரைக் கிள்ளிக் கொடுத்து நல்ல பழத்தைத் தருகிறதோ, அதே கல் வறட்சியில் கிள்ளக்கூட எதையும் வைத்திருப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் பிளாஸ்டிக் விரித்த குட்டைகளை வெட்டி, அதில் போர் தண்ணீரை நிரப்பி வெயிலில் ஆவியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்குள் இருக்கும் தண்ணீரை மேலே எடுத்து வைத்துக் காயவிடுவதை நான் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொண்டதில்லை. அவனிடமும் அதைச் சொன்னேன்.

"இன்னும் முன்னூறு அடிக்குக் கொடுக்கிற காசில் டேங்கர் தண்ணீர் வாங்கி, சொட்டு நீரில் பாதிக் கொடியை மட்டும் காப்பாற்று பேட்டா" என்றேன். எந்தப் பாதி என்று கேட்டான். கீழ் நிலத்துக் கொடிகளுக்கு மண்ணிலேயே கொஞ்சம் ஈரம் இருக்கும், ஒரு மாதம் தாக்குப் பிடிக்கும். மேலே இருப்பதற்குத் தண்ணீர் விட்டே ஆகவேண்டும். அவன் மேலே தாம்சன் இருந்த பகுதியைக் கைவிட்டு, ஒயின் ரகத்துக்கு டேங்கர் விட்டான். சின்னப் பழக்கொடிக்குத் தண்ணீர் குறைவாகவே போதும் என்பது அவன் கணக்கு. அந்த வருஷ மழை வந்ததும் காலியான இடத்தில் கம்பு போட்டான். இப்போது அந்த மேல் துண்டில் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக ஒயின் திராட்சை நிற்கிறது. ஓர் ஆலை வாங்கிக்கொள்கிறது. வருஷா வருஷம் பிப்ரவரி கடைசியில் பொழிச்சலூருக்கு ஒரு அட்டைப்பெட்டி வரும். பெரிய பச்சைப் பழத்துக்கு நடுவே, பாலிதீன் பையில் தனியாகச் சின்னக் கறுப்புப் பழம் ஒரு கிலோ இருக்கும். பேரப்பிள்ளைகள் பெரியதைத் தீர்த்துவிடுவார்கள். கறுப்பு எனக்கு.